சிங்காரம் செத்த நாள் கணக்கில் வராது

போன மழைக்காற்றில் லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் போட் ஒன்று எகிறிப் போய்க் கோயில் வாசலில் உட்கார்ந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்த போட்டைத் திரும்பக் கடலுக்குத் தள்ளின வாரம்தான் சிங்காரம் செத்தான். அதற்கு மறுவாரம் நான் ஒரு பொய்ச் செய்தி பரப்பினேன்.

பொய் என்று தெரிந்து பரப்பவில்லை... ஆனால் பரப்புகிற எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுவேன், போன் எழுதிக்கொள்ளும். பக்கத்து வீட்டு யமுனா அதில் புள்ளியும் கமாவும் வைத்து, வாராவாரம் தன் பிளாகில் போடுவாள். பொன்னேரியில் ரயில் ஏறி சென்னைக்குப் போய்ப் பத்திரிகைப் படிப்பு படிக்கிற பெண். இந்த பிளாகைத்தான் கடைசி வருஷ வேலையாகக் காலேஜில் காட்டப் போகிறாள்.

கடலை ஒட்டின எங்கள் ஏரியில் இறால் வலை கட்ட நல்ல இடம் ஒன்றுதான். ஆள் நிறைய. அதனால் வடக்குத் தெரு ஒரு நாள், தெற்குத் தெரு ஒரு நாள், நடுத்தெரு ஒரு நாள் என்று முறை. அதற்குப் பாடு என்று பேர். என்றைக்கு யார் பாடு என்பது எந்தத் தாளிலும் கிடையாது. என் தலையில்தான் இருக்கிறது.

"இன்னா தாத்தா, ஊரே வந்து உன்னையே கேட்டுக்கினு கீது? சொல்லு, லிஸ்ட்டா போட்டுர்றேன். எல்லாரும் போன்ல பாத்துக்கட்டும்" என்றாள் யமுனா.

சொன்னேன். அவள் லேசுப்பட்டவள் இல்லை. எந்தச் செய்தியையும் இரண்டு பேரிடம் விசாரிக்க வேண்டும் என்று காலேஜில் பாடமாம். நடுத்தெரு மாணிக்கத்திடமும் போய்க் கேட்டாள். மாணிக்கம் அதையே சொன்னான். ஏன் சொல்ல மாட்டான்? அவன் தினம் காலையில் என்னிடம் கேட்டுவிட்டுத்தானே டீக்கடைக்கே போகிறான்!

சிங்காரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னினவன். நான் எதைச் சொன்னாலும் 'இல்லை' என்பான். ரேடியோவையும் விட மாட்டான். புயல் வருகிறது என்றால், "அவன் நம்ம கரைய பாத்துக்கிறானாடா?" என்று கேட்பான். ஒருதரம் அப்படிக் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போய், மூன்று நாள் கழித்து ஆந்திரா பக்கம் கரையேறினான். அப்போதும் ரேடியோ சொன்னது தப்பு என்றுதான் சொன்னான்... எதற்கு வந்தேன்? ஆமாம், பாடு. இன்று தெற்குத் தெரு என்பேன். இல்லை, வடக்கு என்பான். இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணிச் சண்டை போட்டு, கடைசியில் சரியான பதில் ஒன்று வரும். ஊர் அதை என் ஞாபகம் என்று நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஊரில் சாவு விழுந்தால் யாரும் ஏரியில் இறங்க மாட்டோம். அந்த நாள் கணக்கில் வராது, முறை ஒரு நாள் தள்ளிப் போகும். நான் தள்ளவில்லை. சிங்காரத்தைத் தூக்கிக்கொண்டு போன நாளை, வேலைக்குப் போன நாள் மாதிரி எண்ணிவிட்டேன். 'இல்லை' என்று சொல்ல வேண்டியவன் அவன்தான்.

அமாவாசையன்று தண்ணீர் நன்றாக ஓடும், இறால் விழும். அது வடக்குத் தெரு பாடு. லிஸ்ட்டில் தெற்குத் தெரு என்று இருந்தது. வடக்குத் தெருவில் இரண்டு பேருக்குச் சந்தேகம் வந்ததாம். போனை எடுத்துப் பார்த்தார்களாம். அடங்கிவிட்டார்களாம்.

தெற்குத் தெருக்காரர்கள் கூடை கூடையாக இறக்கின பிறகுதான் வடக்குத் தெரு அஞ்சலை கத்தினாள்: "சிங்காரண்ணன் செத்த நாள எவன்டா கணக்குல சேத்தது?"

அன்று சாயங்காலமே பஞ்சாயத்து.

"நாளைக்கு நீங்க எறங்குங்களேன்" என்றார் தலைவர்.

"எறங்குறோம். அமாவாச தண்ணிய நாளைக்கு நீ கொண்டாந்து ஊத்துவியா?" என்றாள் அஞ்சலை.

தலைவர் யமுனா பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, உனுக்கு யாரு சொன்னது?"

"சொல்ல முடியாது தலைவரே. சேதி குடுத்தவங்கள காட்டிக் குடுக்கக் கூடாது. காலேஜ்ல அப்டித்தான் சொல்லிக் குடுத்துக்கிறாங்க."

"காலேஜ் பாடம் ஏரில செல்லாது. ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம். பேரச் சொல்லு, இல்லாட்டி அந்த பிளாக்க மூடு."

அந்தக் கூட்டத்தில் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர் யார்? நான்தான். என் கணக்கு தப்பும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சும்மாவாவது இருந்தேனா? "பயப்படாத சொல்லும்மா, யாரு அவன்?" என்று நானும் கேட்டேன்.

யமுனா என்னைப் பார்த்தாள். "தெரியாது தாத்தா" என்றாள்.

பஞ்சாயத்து முடிந்து மூன்று நாள் ஆகிறது. இன்றைக்கு உட்கார்ந்து இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டேன். யமுனா படித்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இத எடுத்துரட்டா? ஊர்ல உன்ன ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க" என்றாள்.

"ஒரு புள்ளிகூட எடுக்கக் கூடாது."

"அப்போ, நீதான் சொன்னேன்றதுக்கு ரெண்டாவது ஆள விசாரிக்கணும்."

"மாணிக்கத்த கேளு."

"அதுக்கும் நீதான தாத்தா சொல்லணும்!"

சிரித்துவிட்டு எழுந்து போனாள். போனதும், 'இல்லை' என்று சொல்ல ஆள் இல்லாமல், பக்கத்து இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தப்பான லிஸ்ட் ஒரே நாளில் சுண்ணாம்புக்குளம் வரைக்கும் போயிருக்கிறது. அதை அனுப்பின கைகளே, தயவுசெய்து இதையும் அனுப்புங்கள். தலைவருக்குப் படிக்க வராது, அஞ்சலைக்கும் வராது. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது அவர்கள் வாசலில் நின்று படித்துக் காட்டுங்கள். 'நான் தள்ளவில்லை' என்று வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாக.