பீப்பாய்க்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

சிறுவர் அறிவியல் கூடத்தில் அவரை எல்லோரும் வெல்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் பிள்ளைகள் எதையாவது உடைத்துவிட்டால் மட்டும் கோபமே வராது. "உடைச்சாத்தானே உள்ள என்ன இருக்குன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பற்றவைக்கும் கம்பியைத் தேடுவார்.

ஒலிக்கான அறை முழுக்க அவர் கைவேலை. சுவரைச் சுற்றி வளைந்து ஓடும் இரும்புக் குழாயின் ஒரு முனையில் கிசுகிசுத்தால் மறுமுனையில் காதோடு கேட்கும். நடுவில், வாயில் ரப்பரை இழுத்துக் கட்டிய பழைய பீப்பாய். பக்கவாட்டுக் குழாயில் கத்தினால் ரப்பர்மேல் தூவிய மணல் துள்ளும். சத்தம் என்றால் அதிர்வு என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் பீப்பாயைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி. 'தொடாதீர்கள்' என்று பலகை வேறு. மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்களாம். புது நிர்வாகியின் ஏற்பாடு. அக்காவுக்கு ரத்தம் கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பத்து மணிக்குக் காது கேளாத பிள்ளைகள் பதினெட்டுப் பேர் வந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமி கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு டீச்சரிடம் விரல்களால் எதையோ கேட்டாள்.

"போன வருஷம் இதைக் கட்டிப்பிடிச்சிட்டு நின்னா," என்றார் டீச்சர். "அப்போ நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனான்னு கேக்குறா."

அவ்வளவுதான். அக்கா ஸ்பேனரை எடுத்துவந்து பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

நிர்வாகி ஓடிவந்தார். "என்னம்மா பண்றீங்க? பெரிய ஆளுங்க வர்ற நேரம்!"

"பார்க்க வேண்டிய ஆளுங்க வந்தாச்சு சார். இதோ நிக்கிறாங்க."

"கண்டவங்க தொட்டா கெட்டுப்போகும்!"

"கெட்டா சரிபண்ண நான் இருக்கேன். இவங்களுக்குச் சத்தம் கை வழியாத்தான் வரும். அதையும் மூடிட்டா எங்கே போவாங்க?"

கண்ணாடி இறங்கியது. சிறுமி பீப்பாயை அணைத்துக்கொண்டாள். அக்கா குழாயில் வாயை வைத்து, நிர்வாகியைப் பற்றி மனசில் வைத்திருந்ததையெல்லாம் கத்தித் தீர்த்தார். சிறுமியின் கண்கள் விரிந்தன. காது கேட்கும் டீச்சர்தான் சிரிப்பை அடக்கத் திண்டாடினார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்த அதிகாரிகள், பீப்பாயைச் சுற்றி மொய்த்த பிள்ளைகளைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்கள். "எல்லாம் என் யோசனைதான்" என்றார் நிர்வாகி, கூசாமல்.

கண்ணாடி திரும்ப வரவில்லை. அக்காவைத்தான் கீழ்த்தளத்துப் பம்பு அறைக்கு மாற்றினார்கள். மதிய இடைவேளையில் மேலே வந்து தளர்ந்த ரப்பரை இழுத்துக் கட்டுவார். நிர்வாகி எதிரே வந்து வணக்கம் சொன்னால், இன்றுவரை பதில் வணக்கம் கிடையாது.