பெர்த்தாமில் மிச்சமிருந்த ஒரே ஆள்

போன வருடக் கடைசியில், கேமரன் மலையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரம். தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, லேப்டாப் திரையில் ஒரு கோடு கீழே சரிந்து கிடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை பார்ப்பது கோலாலம்பூரில் உள்ள ஒரு சின்னக் கம்பெனிக்கு. காய்கறி போடுகிறவர்கள் மறுநாள் லோரியில் தாங்களே இடம் பிடிப்பதற்கு ஓர் ஆப் செய்திருந்தோம். நடுவில் தரகர் இல்லாமல் அவரவர் காயை அவரவரே சந்தைக்கு அனுப்பலாம் என்பதுதான் யோசனை. மலையில் கம்பெனிக்கு நான் ஒருத்திதான் ஆள். ஆப்பைச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துச் சொல்வதும் நான்தான். அதற்கென்று ஓர் அனலிட்டிக்ஸ் டூல் கொடுத்திருக்கிறார்கள். முதல் வாரம் உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வாரமும் திரும்பி வந்தார்கள், அதற்கடுத்த வாரம் எத்தனை பேர் என்று அது கோடு போட்டுக் காட்டும். இதை ரிடென்ஷன் என்பார்கள். கோடு படுத்துவிட்டால் ஆப்பும் படுத்துவிட்டது என்று அர்த்தம்.

லெம்பா பெர்த்தாம் என்ற பள்ளத்தாக்கு ஊரில் கோடு படுத்துவிட்டது. முதல் வாரம் ஊரே உள்ளே வந்தது. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். அது யார் என்று டூல் சொல்லாது, எண்ணிக்கை மட்டும்தான் காட்டும். ஆனால் பெர்த்தாமிலிருந்து லோரி மட்டும் தினமும் நிரம்பித்தான் கிளம்புகிறது! எனக்குத் தலை சுற்றியது. டூல்தான் கெட்டுப்போயிருக்கும் என்று கம்பெனியின் டெக்னிக்கல் ஆளைப் பிடித்து உலுக்கினேன். அவர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, டூல் சரியாகத்தான் எண்ணுகிறது, உங்கள் ஆட்கள்தான் போய்விட்டார்கள் என்று கையை விரித்துவிட்டார்.

மேனேஜருக்கு மட்டும் குழப்பமே இல்லை. அந்த ஒற்றை ஆள் ஒரு தரகர் என்றார். சின்னத் தோட்டக்காரர்களிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி நம் லோரியிலேயே ஏற்றுகிறான், யாரை ஓரங்கட்ட ஆப் செய்தோமோ அவனுக்கே வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று கொதித்தார். நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுது, நான் சொல்வது சரி என்றால் அடுத்த வாரத்திலிருந்து பெர்த்தாமுக்கு லோரி கிடையாது என்று சொல்லிவிட்டார். லோரி நின்றால் அந்த ஜனங்கள் மறுபடியும் தரகர் சொல்கிற விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். வீடு வீடாகப் போய் அவர்களை ஆப்பில் சேர்த்தவளே நான்.

மறுநாள் மழையோடு மழையாகக் காரை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்குக்கு இறங்கினேன். முதலில் கண்ணில் பட்டது தக்காளி போடும் ஓர் அக்கா. ஆப்பைப் பற்றிக் கேட்டதும், “தினமும் போடுறோம்லா. உங்க ஆப் நல்லாத்தான் இருக்கு” என்றார். சரி, ஹேண்ட்போனைக் காட்டுங்கள் என்றேன். வீட்டில் சார்ஜில் இருக்கிறதாம். அடுத்த தோட்டத்து அண்ணனும் தினமும் போடுவதாகச் சத்தியம் செய்தார். கேட்டால் அவர் போனில் பேட்டரி இல்லையாம். அதற்கடுத்தவர் என்னைக் கண்டதும் போனைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். லோரி டிரைவரைக் கேட்டால், கூடைகளெல்லாம் முச்சந்தியில் ஒரே இடத்தில் அடுக்கியிருக்கும், எது யாருடையது என்று அவருக்குத் தெரியாதாம்.

யாரை நம்புவது? மிஷின் இவர்கள் இல்லை என்கிறது. இவர்களோ இருக்கிறோம் என்கிறார்கள், ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். தரகர் மிரட்டி வைத்திருக்கிறானோ என்றுகூடத் தோன்றியது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

சாயங்காலம், தோற்றுப்போன மனநிலையில் பள்ளத்தாக்கு முகப்பில் இருக்கும் பாய் கடைக்குள் நுழைந்தேன். தே தாரிக் டீ ஒன்று சொல்லிவிட்டு, குளிர்பானப் பெட்டிக்குப் பின்னால் இருந்த மேசையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். மேனேஜர் சொன்னது சரிதான் என்று எழுதிவிட வேண்டியதுதான். பாதி வரி அடித்திருப்பேன், கடைக்குள் ஆட்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. நான் இருப்பதை யாரும் பார்க்கவில்லை.

“என் கோஸ் ரெண்டு நாளு தாங்கும். அக்கா தக்காளி இந்த மழைக்கு வெடிச்சிரும், அத மொதல்ல ஏத்துங்க” என்றது ஒரு குரல். எட்டிப் பார்த்தேன். பேட்டரி இல்லை என்ற அதே அண்ணன். கல்லாவில் பாய் ஒரு பழைய போனை வைத்துக்கொண்டு, அவர் சொன்னதைக் கேட்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். திரையில் எங்கள் ஆப்.

நான் எழுந்து நின்றதுதான் தாமதம், பாய் போனின் மேல் துண்டை எடுத்துப் போட்டார்.

சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. ஆப்பில் ஒரே ஆள்தான் இருப்பதாகத் தெரிகிறது, மற்றவர்களெல்லாம் போய்விட்டீர்கள் என்று லோரியையே நிறுத்தப் போகிறார்கள் என்று போட்டு உடைத்தேன்.

தக்காளி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். “நாங்க எங்கம்மா போனோம்? தினமும் இங்கதானே உக்காந்திருக்கோம்.”

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. முதல் வாரம் ஆளுக்கொரு போனில் இடம் பிடித்தார்கள். லைன் நன்றாகக் கிடைக்கிற மேட்டுப் பக்கத்துக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். பள்ளத்தில் இருப்பவர்களின் காய் ரோட்டோரத்தில் கிடந்து அழுகியது. பெரிய சண்டை. கடைசியில், எல்லாரும் பாய் கடையில் கூடுவது, நாளைக்கு யாருடையது தாங்காது என்று பேசி முடிவெடுப்பது, கடை வைஃபையில் பாயின் நம்பரிலேயே மொத்தமாகப் போட்டுவிடுவது என்று ஏற்பாடு. ஒருவருக்கு ஒரு நம்பர்தான், ஒருவர் நம்பரில் இன்னொருவர் போட்டால் கம்பெனி ஆப்பிலிருந்து தூக்கிவிடும் என்று நான் சேர்க்கும்போது கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன் இல்லையா, அதனால்தான் வாய் திறக்கவில்லையாம். லோரி நின்றுவிடுமோ என்ற பயத்தில், அதை நிற்காமல் ஓடவைக்கக்கூடிய ஒரே விஷயத்தை என்னிடமே மறைத்திருக்கிறார்கள். பாவம், பாய் வேறு, இந்த வேலையை யாராவது எடுத்துக்கொண்டால் புண்ணியமாகப் போகும், ரொட்டி கருகுகிறது என்று புலம்பினார்.

அங்கிருந்தே மேனேஜரை அழைத்தேன். நான் விளக்க விளக்க அவர் நம்பவில்லை. அந்த ஆளிடம் போனைக் கொடு என்றார். எந்த ஆளிடம் கொடுப்பது? ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினேன். அவர் கூச்சத்தோடு, என்னோடது கோஸ் சார் என்றார். அடுத்தவர் வெள்ளரி என்றார். அக்கா தக்காளி என்றார். போன் பெஞ்சு பெஞ்சாகப் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியாக மேனேஜர் கேட்டது ஒன்றுதான். “லோரில இடம் பத்துதா?”

லோரி இன்றும் போகிறது. எல்லாரும் சேர்ந்து ஒரே இடத்தில் பார்க்கிற மாதிரி ஆப்பை மாற்றப் போகிறோம் என்கிறார்கள், எப்போது என்றுதான் தெரியவில்லை. அதுவரை டூலுக்குப் பெர்த்தாம் என்றால் ஓர் ஆள்தான். மாதா மாதம் ரிப்போர்ட்டில் அந்த ‘ஒன்று’ என்பதை அடிக்கும்போதெல்லாம், மழையில் நனைந்து வந்து அதற்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து, இந்த எண்ணிக்கை சரிதானா தப்பா என்று எனக்கு இன்னமும் குழப்பமாகவே இருக்கிறது.