இரண்டாவது கோடு

பாறசாலையில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த லேபில் சோதனைக் குழாய்களைக் கழுவி வெயிலில் கவிழ்ப்பது சரோஜத்தின் வேலை. வெள்ளறடையிலிருந்தும் காஞ்சிரங்குளத்திலிருந்தும் பெண்கள் குப்பியில் மூத்திரம் கொண்டுவருவார்கள். டெக்னீசியன் சுகிர்தபாய் அதில் சில சொட்டெடுத்து வெள்ளைக் கார்டில் விடுவாள். ஒரு கோடு தெளிந்தால் ஒன்றுமில்லை. இரண்டு தெளிந்தால் பிள்ளை. ஒற்றைக் கோட்டுக் கார்டுகளைச் சரோஜம் அப்போதே வாளியில் போட்டுவிடுவாள். இரட்டைக் கோட்டுக் கார்டுகளை மட்டும் சாயங்காலம்வரை ஜன்னல் படியில் வைத்திருப்பாள்.

நாள் தள்ளிப்போகும்போதெல்லாம் அவளும் ஒரு கார்டு பார்ப்பாள். அவள் புருஷன் ராஜதாஸ் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார், உள்ளே வரமாட்டார். அவள் போய், "ஒண்ணுதான்" என்பாள். அவர் ஒன்றும் பேசாமல் கைப்பிடியை இழுத்து வண்டியைக் கிளப்புவார். இப்படியே அவளுக்கு நாற்பத்தொன்று ஆயிற்று.

தொண்ணூற்றெட்டில் ஓணம் கழிந்த மாதம், அவள் கார்டில் சொட்டு விழுந்ததும் இரண்டாவது கோடு ரத்தச் சிவப்பாக ஏறியது.

"எட்டீ, ஆட்டோக்காரருகிட்ட போய்ச் செல்லு, மீட்டர் ஓடத் தொடங்கியாச்சுண்ணு!" என்று சுகிர்தபாய் அவளைக் கட்டிக்கொண்டாள். ராஜதாஸ் அன்றைக்குச் சவாரி எடுக்கவே இல்லை.

வாந்தி நிற்காமல் வந்தது. வயிறு கணக்குக்கு மீறிப் பெருத்தது. பிறகு உதிரம் கண்டது. நெய்யாற்றின்கரையில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, பிள்ளை இல்லை என்றாள். இதற்கு முத்துப்பிள்ளை என்று பேர், கருவாகாமல் திராட்சைக் கொத்துப்போலப் பெருகிய சதை.

"இல்ல டாக்டரே, கார்டுல ரெண்டு கோடு உண்டு. நான் எத்தனை கார்டு பாத்தவ! அது பொய் செல்லாது" என்றாள் சரோஜம்.

சதையை உடனே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியும் அவள் ஆஸ்பத்திரியில் சேரவில்லை. வீட்டில் படுத்துக்கொண்டு இன்னொரு கார்டு போட்டாள். அதிலும் இரண்டு. உதிரத்தில் பாய் நனைந்த காலையில் சுகிர்தபாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கார்டுப் பெட்டியில மோனோகுளோனல்ண்ணு எழுதியிருக்குல்லா? ஒரே செல்லைப் பெருக்கி அதுலேருந்து எடுத்து கார்டுல தடவுற சாதனமாக்கும் அது. எல்லாம் ஒரே அச்சு. அதுக்குக் கர்ப்ப ஹார்மோனைத்தான் தெரியும். கண்டா பிடிச்சுக்கிடும். பிள்ளை சுரந்ததா, இந்தச் சதை சுரந்ததாண்ணு அதுக்குத் தெரியாது மக்கா. கார்டு பொய் செல்லல. நாமதான் அதுகிட்ட பிள்ளை உண்டாண்ணு கேட்டோம்."

சரோஜம் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். "இத்தனை சரியா ஆளைக் கண்டுபிடிக்கிற சாதனம், பிடிச்சுக் கொல்லப்பிடாதா அக்கா? எதுக்கு வயித்துல கை வைக்கணும்?"

"வேற சில சீக்குக்கு வெளிநாட்டுல அப்பிடி மருந்தாக்கியிருக்காவளாம். ரத்தத்துல வாற ஒரு புற்றுக்கு ஊசியாக் குத்துறாவளாம். இதுக்கு இல்ல. எழும்பு, ஆட்டோ நிக்குது."

அன்றே சதையை எடுத்தார்கள். ஆனால் அதோடு முடியவில்லை. மிச்சம் ஏதாவது உள்ளே ஒட்டியிருந்தால் அது புற்றாக மாறலாம். மாறினால் திருவனந்தபுரத்தில் புற்றுக்கான ஊசி. ஹார்மோன் முழுக்க வற்றும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சில வாரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவு பார்த்தார்கள். இடைப்பட்ட வாரங்களில் சரோஜத்துக்குப் பொறுக்கவில்லை. லேபிலேயே கார்டு போட்டாள்.

எந்தக் கோட்டுக்காக வருஷக்கணக்கில் முழங்காலில் நின்றாளோ, அது அழிய வேண்டும் என்று இப்போது ஜெபித்தாள். அது லேசில் அழியவில்லை. முதலில் அதே சிவப்பு. பிறகு வெளிறிய ரோஸ். கிறிஸ்துமஸுக்கு முன்பு, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிற நிழல். சாய்த்துப் பார்க்கும்போது சில நேரம் தான் எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. இருக்கக் கூடாது என்று பார்ப்பாள். இருப்பது தெரிந்ததும் பயத்தோடு, சொல்ல வெட்கமான ஒரு சின்னச் சந்தோஷமும் வரும்.

ஜனவரியில் ஒருநாள் சுகிர்தபாய் கார்டை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். "போயாச்சு" என்றாள். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். போன கிழமை ரத்தமும் சரியாத்தானே இருந்தது. இனி ஒரு வருஷம் பாத்துக்கிட்டா மதி. அதுவரை உண்டாகாம சூட்சிக்கணும், கவனமா இருக்கணும்ண்ணு டாக்டர் சொன்னதும் ஓர்மையிருக்கட்டும்."

"ஒரு வருஷம்" என்றாள் சரோஜம்.

கார்டு சரோஜத்தின் கைக்கு வந்தது. வாளிக்கும் ஜன்னல் படிக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் சுகிர்தபாய்தான் அதை வாங்கி வாளியில் போட்டாள்.

வாசலில் ராஜதாஸ் வண்டிக்குள் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதான்" என்றாள்.

"நல்லதாக்கும்" என்றார். முதல் முறையாக அதற்கு ஒரு பதில் சொன்னார். "நல்லதாக்கும் சரோஜம். ஏறு."

கைப்பிடியை இழுத்தார். வண்டி கிளம்பவில்லை. மறுபடி இழுத்தார். பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு, தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார். பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. சரோஜம் ஏறி உட்கார்ந்து, அவர் தோளைத் தொடாமல், கம்பியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.