ரிப்பன் தோட்டம்

எங்கள் அப்பா அதிகம் பேச மாட்டார். ஊரில் அவருக்கு ரிப்பன்காரர் என்று பெயர். ஒரு நாள் காலையில் அவர் ஊன்றிய கம்புகளால் வந்த பெயர் அது. அந்தக் கம்புகளைச் சுமந்தவள் நான். அப்போது ஆறாம் வகுப்பு. இன்றும் யாராவது ரிப்பன்காரர் மகளா என்று கேட்டால், நிமிர்ந்துதான் பதில் சொல்வேன்.

கம்பம் ஊருக்குப் பக்கத்தில், ரோட்டை ஒட்டித் தாத்தாவின் தோட்டம். ரோட்டோரம் நல்ல மண். மலைப் பக்கம் போகப் போகச் சரளை, பாறை. தாத்தா போன மறுவருஷம் ஒரு புரோக்கர் வந்தார். ஏலக்காய் வியாபாரி ஒருவர் குடோன் கட்ட ரோட்டோரத்தைக் கேட்கிறார், நல்ல விலை தருவார் என்றார். பாறைப் பக்கத்தை யாரும் கேட்கவில்லை.

தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள். பெரியப்பா, அப்பா, அத்தை. அத்தையைப் பெரியகுளத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. மாமா இறந்தபின் மாந்தோப்புகளில் கூலி வேலை பார்த்துப் பிழைத்தாள். அவளுக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கிவிடலாம் என்பது பெரியப்பாவின் எண்ணம்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பங்கு வைக்கிறவர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். மூத்தவர் என்ற முறையில் பெரியப்பாதான் வைக்க வேண்டியவர். அவர் சொந்தக்காரர்களை உட்காரவைத்துப் பெருந்தன்மையாகச் சொன்னார்.

“நீயே பங்கு வையிடா தம்பி. நீ எப்படி வச்சாலும் எனக்குச் சம்மதம்.”

முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று அப்பா குறுக்கே வெட்டுவார், முன்பக்கத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம் என்று பெரியப்பா நினைத்திருப்பார். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். அம்மா அன்று சோறு தொடவில்லை.

மறுநாள் விடிந்ததும் அப்பா கயிறும் ஒரு கட்டு அகத்திக் கம்பும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கம்பு என் தலையில். ரோட்டில் முதல் கம்பை அடித்தார். குறுக்கே போகவில்லை. மலையைப் பார்த்து நேரே நடந்தார். கயிறு போன வழியெல்லாம் கம்பு ஊன்றினார். வெயில் ஏறுவதற்குள் தோட்டம் மூன்று நீளப் பட்டைகளாகக் கிடந்தது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ரோடு, கொஞ்சம் பாறை.

பெரியப்பா சொந்தக்காரர்களோடு வந்து பார்த்தார்.

“என்னடா இது, ரிப்பன் கிழிச்ச மாதிரி? மூணாவது யாருக்கு?”

“தங்கச்சிக்கு.”

“அவளுக்குத்தான் சீரு செஞ்சு அனுப்பியாச்சே!”

“சீரு அப்பா செஞ்சாக. நெலமும் அவுக நெலந்தான்.”

நாலு பேர் முன்னால் சம்மதம் என்று சொல்லியாகிவிட்டது. பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பங்கை எடுத்தார். அடுத்தது அத்தைக்கு. மிச்சம் எங்களுக்கு. ரோட்டோரம் நின்ற கொய்யா மரம் அத்தை பங்கில் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது.

“ஏங்க, இதுல டிராக்டர் திரும்புமா? ஊரே சிரிக்கிறாக” என்றாள் அம்மா.

“சிரிக்கட்டும்.”

பள்ளிக்கூடத்தில் என் சடையைப் பிடித்து இழுத்து, “ஏலே, ரிப்பன்காரரு மக வாராடா” என்றார்கள். அப்பா மேல்தான் கோபம் வந்தது.

வியாபாரி வந்தார். பெரியப்பாவின் பங்கில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். காரில் ஏறிக்கொண்டார். புரோக்கர்தான் சொன்னார்.

“அண்ணே, ஒங்க பங்குல லாரி நுழையும், திரும்பாது. மூணு பேரு முன்பக்கமும் சேந்தாத்தான் எடுப்பாராம். இல்லைன்னா சின்னமனூர்ல பாத்துக்கிறாராம்.”

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார்.

“தங்கச்சியக் கேளுங்கண்ணே” என்றார் அப்பா.

மாமா சாவுக்குப் பிறகு அத்தை வீட்டுப் படி ஏறாத பெரியப்பா, பெரியகுளத்துக்குப் பஸ் ஏறினார். பட்டுச்சேலை எடுத்துப் போகவில்லை. சமபங்கு என்று அவர் வாயாலேயே சொன்ன பிறகுதான் அத்தை தலையை ஆட்டினாளாம்.

பத்திர ஆபீசில் மூன்று பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். விற்ற பணத்தில் மூவருக்கும் சமபங்கு. வெளியே வந்ததும் அத்தை அப்பாவிடம் சிரித்தாள்.

“சின்னண்ணே, பெரியண்ணே அன்னைக்கு எங்க வீட்டுக் கருவாட்டுக் கொழம்ப ரெண்டு தடவ வாங்கித் தின்னாக. கேட்டுப்பாரு.”

“கொழம்புல உப்பு கூட” என்றார் பெரியப்பா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

வாசலில் ஒரு அம்மா வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். அப்பா ஒன்று வாங்கினார். அந்த அம்மா வட்டம் வட்டமாக நறுக்கப் போனார். அப்பா கத்தியை வாங்கி, காயை நீளவாக்கில் மூன்றாகக் கீறினார். கூட வந்திருந்த பெரியப்பா மகளுக்கு ஒன்று, அத்தை மகனுக்கு ஒன்று, கடைசியில் எனக்கு.

“அப்பா, காம்புப் பக்கம் கசக்குதுப்பா.”

“எல்லாருக்குந்தான் கசக்கும். தின்னு.”

பெற்ற மகளுக்கு நடுத்துண்டாகப் பார்த்துக் கொடுத்திருக்கலாம். எங்கள் அப்பாவுக்கு எதையுமே ஒழுங்காக வெட்டத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.