மேடையை விட்டு இறங்கிய வெள்ளிக்கிழமை

இரண்டாயிரங்களின் நடுவில் நாங்கள் ஐக்கிய அரபு எமிரேட்ஸில், அஜ்மானில் குடியிருந்தோம். எங்கள் தமிழ் பாப்டிஸ்ட் சபை கூடியது பக்கத்து எமிரேட்டில், பல மொழிக்காரர்கள் நேரம் பிரித்துப் பங்கிட்டுக்கொண்ட ஒரு கூடத்தில். வெள்ளிக்கிழமை இரண்டு முதல் நான்கு வரை எங்களுடையது. நான்கு அடித்தால் பிலிப்பினோ சபையார் வாசலில் வந்து நிற்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கீபோர்டு வாசித்தவள் நான். முறையாகப் படித்துப் பரீட்சை எழுதியவள் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. என் கீபோர்டை வேறு யாரும் தொடக் கூடாது என்பது என் சட்டம். அதன் மேல் போர்த்தியிருக்கும் துணியைக்கூட நான்தான் எடுப்பேன்.

எங்களுக்கு இரண்டு போதகர்கள், கணவனும் மனைவியும். ஒரு பெண் பிரசங்கம் செய்ய எழுந்தாலே முகம் சுளிக்கும் சபைகளிலிருந்து வந்தவர்கள் நாங்கள். இங்கே பிரசங்கம் முழுக்கப் பாஸ்டரம்மாவுடையது. மற்ற நாட்களில் அவர் ஆஸ்பத்திரி நர்ஸ். அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். "எனக்குப் பேச வராது, அவளுக்குப் பாட்டு வராது. ஆண்டவர் கணக்கா சேத்து வச்சிருக்காரு" என்று சொல்லிக் கிடாரை மாட்டிக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழிலாளர் கேம்பிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் எங்கள் வேனில் புதிதாக ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கள்ளக்குறிச்சிப் பக்கம். கட்டட சைட்டில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் வேலை. ரூம் நண்பர் கூப்பிட்டார் என்று வந்தவர், நெற்றியில் திருநீற்றோடுதான் வந்தார். மூலையில் ஒரு டோலக் கிடந்தது. ஊருக்குத் திரும்பிப் போன யாரோ விட்டுச் சென்றது. இரண்டாவது பாட்டு தொடங்கும்போது அது அவர் மடியில் இருந்தது.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. என் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் தாளம் தானாக ஓடும். அந்த மனிதர் அதைச் சட்டை செய்யவே இல்லை. பாடுகிறவர்களின் முகத்தைப் பார்த்தே அடித்தார். அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் அவர் கையும் நின்றது. வாரம் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வந்து கடனே என்று பாடும் எங்கள் ஆட்கள், அன்று எழுந்து நின்று பாடினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே பாஸ்டரம்மா அவரை மேடைக்குக் கூப்பிட்டுக் கிடாருக்கும் கீபோர்டுக்கும் நடுவில் உட்கார வைத்தார். மூன்று மாதம் அப்படியே போனது. ஒவ்வொரு பாட்டிலும் சபை அவர் பின்னால் போனது, நானும் என் பட்டனும் தனியாக ஓடினோம். ஒருநாள் பொறுக்காமல், சபை நிர்வாகம் பார்க்கும் மூத்த டீக்கனிடம், "ஞானஸ்நானம் எடுக்காதவங்க மேடையில இருக்கலாமா? திருநீறு வேற வச்சிட்டு வர்றாரு" என்று பற்றவைத்தேன். என் வயிற்றெரிச்சலுக்கு விசுவாசம் என்று பெயர் சூட்டிக்கொண்டேன்.

பேச்சு வேகமாகப் பரவியது. எங்கள் சபையில் குழந்தைத் தலையில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் கிடையாது. வளர்ந்த ஆள் தானாகக் கேட்டு வர வேண்டும், தொட்டியில் முழுசாக முழுக வேண்டும். மேடைக்குப் பின்னால் நீல நிறத்தில் ஒரு ஃபைபர் தொட்டி இருந்தது. கோடையில் குழாயில் வெந்நீர்தான் வரும் என்பதால் காலையிலேயே நிரப்பி ஐஸ் கட்டி போட்டு வைப்பார்கள். அப்படி வேறொருவர் ஞானஸ்நானம் எடுத்த ஒரு வெள்ளிக்கிழமை, ஆராதனை முடிந்ததும் டோலக்காரர் தொட்டிப் பக்கம் வந்தார். பாஸ்டரம்மா ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, முழுவுனாத்தான் மேல உக்காரலாம்னு பேசிக்கிறாங்க. தண்ணி இருக்குதே, இப்பவே முழுவிடறேன். மாத்துச் சட்டை கூட எடுத்தாந்திருக்கேன்."

பாஸ்டரம்மா அவரை நன்றாகப் பார்த்தார். "உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு ஏசு வேணுமா, டோலக்கு வேணுமா?"

"பொய் சொல்லக் கூடாதுக்கா. டோலக்குதான். ஆறு நாளும் ஆணியும் பலகையுமாப் போவுது. இங்க வந்து அடிச்சாத்தான் அது என் கைன்னு தெரியுது."

"அப்போ சட்டைய எடுத்துட்டுப் போங்க. வாசிக்கிறதுக்காக ஒருத்தர நான் முக்கி எடுக்க மாட்டேன். உங்களுக்கா என்னைக்காவது தோணுச்சுன்னா சொல்லுங்க, டூட்டிய மாத்திக்கிட்டு வர்றேன். தோணலன்னாலும் நீங்க என் தம்பிதான்."

ஞானஸ்நானக் கணக்கைப் பெருமையோடு சொல்லும் போதகர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் மாற்றுச் சட்டையோடு வந்து நின்ற ஆளைத் திருப்பி அனுப்பியவரை அன்றுதான் பார்த்தேன். பாஸ்டரம்மா 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். சபையில் எல்லோரும் கைகூடத் தட்டியிருப்பார்கள்.

அவ்வளவையும் பார்த்த பிறகாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அடுத்த வாரம் ஆராதனை முடிந்து கால் மணி நேரம் அங்கத்தினர் கூட்டம் நடந்தது. எங்கள் முறைப்படி போதகராக இருந்தாலும் ஒரு ஓட்டுதான். டோலக்காரர் அங்கத்தினர் இல்லை என்பதால் வெளியே வேன் நிழலில் உட்கார்ந்திருந்தார். டீக்கன் தீர்மானத்தை வாசித்தார்: ஞானஸ்நானம் பெறாதவர் மேடையில் அமர்ந்து இசைக் கருவி வாசிக்கக் கூடாது. கை தூக்கச் சொன்னார்கள். இத்தனை நாள் பேசிவிட்டு இப்போது பின்வாங்குவதா என்ற வீம்பில் நானும் தூக்கினேன். மூன்று கை வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

பாஸ்டரம்மா வாதம் எதுவும் செய்யவில்லை. "இன்னொரு தடவை வாசிங்க" என்று கேட்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். "சபை முடிவு பண்ணியாச்சு, அப்படியே நடப்போம்" என்றார். எங்கள் ஆட்கள் வெளியேறப் பிலிப்பினோ சபையார் உள்ளே வந்தார்கள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, வரும் வழியில் கார் டயர் பஞ்சராகி நான் பத்து நிமிடம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். பக்கக் கதவு நேராக மேடையில்தான் திறக்கும். அவசரமாக ஏறித் துணியை விலக்கி உட்கார்ந்தேன். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். மேடையில் நான் மட்டும் இருந்தேன்.

எல்லாம் கீழே இருந்தன. பிரசங்க பீடம், மைக், அப்பமும் ரசமும் வைக்கும் ராப்போஜன மேசை, கிடார், எல்லாமே. முதல் வரிசை நாற்காலிகளை எடுத்துவிட்டு ஒரு கம்பளம் விரித்திருந்தார்கள். பாஸ்டரம்மாவும் அவர் கணவரும் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, நடுவில் டோலக்கோடு அவர் இருந்தார், நெற்றியில் அதே திருநீற்றோடு. மேடையில் வாசிக்கக் கூடாது என்றுதானே தீர்மானம், அதை ஓர் எழுத்து மீறவில்லை. டீக்கன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். என் கீபோர்டை மட்டும் யாரும் இறக்கவில்லை. அதைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தானே.

பாஸ்டரம்மா முகத்தில் கேலியோ கோபமோ இல்லை. "வந்துட்டீங்களா? இங்கன இடம் இருக்கு" என்று கம்பளத்தைத் தட்டிக் காட்டினார். இப்படியும் ஒரு மனுஷியா என்று எனக்குத் தோன்றியது. தோற்ற இடத்திலேயே, தோற்கடித்தவளுக்கும் இடம் போட்டு வைத்திருந்தார்.

வயரைப் பிடுங்கிக் கீபோர்டைத் தூக்கினேன். கனத்தது. டோலக்காரர் எழுந்து ஓடி வந்தார். மேடைக்கு ஒரே ஒரு படிதான். அந்தப் படிக்கு ஒரு சாண் தள்ளி அவர் கால்கள் நின்றுவிட்டன. ஏறி வந்து வாங்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஏறவில்லை. கீழே நின்றபடியே எக்கி இரண்டு கைகளையும் நீட்டினார். "குடுங்கக்கா, நான் புடிச்சிக்கிறேன்."

நான் கை தூக்கிப் போட்ட சட்டத்தை என் கண் முன்னால் அவர்தான் மதித்து நின்றார். மூன்று வருடமாக யாரையும் தொடவிடாத கீபோர்டை அவர் கையில் கொடுத்தேன். பச்சைக் குழந்தையை வாங்குவது போல வாங்கிக் கம்பளத்தில் வைத்து, துணியையும் மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

நான் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் டோலக்கை மடியில் இழுத்துக்கொண்டு, "எந்த வேகத்துல போவலாங்கக்கா?" என்று கேட்டார்.

தாளப் பட்டனை அணைத்தேன். "நீங்க ஆரம்பிங்க, நான் பின்னால வர்றேன்" என்றேன்.