குட்டிக்கோஸ் நாறாது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த மூக்கை நம்பித்தான் எங்கள் அண்ணி கொஞ்ச காலம் பிழைப்பு நடத்தினார்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்ததிலிருந்து வீடு அண்ணியின் கையில். அவர்கள் கீழ் வீட்டில், நான் மாடியில். நானும் அண்ணியும் ஒரே ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தோம். அவர் அடுப்படி, நான் காய் நறுக்கும் மேடை. வீட்டில் நாத்தனார் என்ற கெத்தில் நான் எவ்வளவு குதித்தாலும், அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். சமையலறையில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'.

அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. நோயாளிகளுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்கிற டயட் அம்மா, ஒருநாள் பெட்டி பெட்டியாகப் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் வாங்கி இறக்கினார். எலுமிச்சை அளவில், முட்டைக்கோஸைச் சுருக்கிச் செய்தது போன்ற காய். வாயில் நுழையாத பெயரை விட்டுவிட்டு நாங்கள் குட்டிக்கோஸ் என்றோம். அப்போது அடுப்பில் இருந்தவர் அதை அண்டாவில் போட்டு, மூடிபோட்டு, வேகவேக வேகவைப்பார். மூடியைத் திறந்தால் அழுகல் முட்டை நாற்றம் நடைபாதை முழுக்கப் போகும். தட்டுகள் திரும்பி வரும்போது மற்றதெல்லாம் காலியாகி, அது மட்டும் உருண்டுகொண்டிருக்கும். பிள்ளை பெற்ற பெண்கள் கூட மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிவிட்டார்கள்.

அண்ணி அடுப்புக்கு வந்ததும் அண்டாவைத் தூக்கிப் பரணில் போட்டார். காய்களைக் கழுவி, காம்பு நுனியைச் சீவி, இரண்டாக நறுக்கச் சொன்னார். நறுக்கியதை வெள்ளைத் துணியில் பரப்பி ஈரம் போக ஒற்ற வேண்டும். ஒற்றுகிற வேலை என் தலையில்தான் விழும். குழந்தைக்குத் தலை துவட்டுவது போல ஒவ்வொன்றையும் துவட்ட வேண்டும். ஒன்றில் ஈரம் இருந்தாலும் "இவளே, இது குளிச்சிட்டு அப்படியே வந்திருக்கு பாரு" என்று திருப்பி அனுப்புவார். பிறகு பெரிய இரும்புக் கல்லை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் தடவி, வெட்டிய பக்கம் கீழே படும்படி அடுக்குவார். மூடக் கூடாது, கிளறக் கூடாது, பக்கத்தில் நின்று பேசக் கூடக் கூடாது. அடிப்பக்கம் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்ததும் புரட்டி, நசுக்கிய பூண்டு போட்டு, கடைசியில்தான் உப்பு. உப்பை முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளுமாம். இறக்கிய பின் எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான். தட்டுகள் வழித்துத் துடைத்த மாதிரி திரும்பி வந்தன. டாக்டர்கள் கூட ஜன்னலுக்கு வந்து "மிச்சம் இருக்கா?" என்று பல்லைக் காட்டினார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அண்ணிக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது. போனதோடு போனதாக வாசனையையும் கொண்டுபோய்விட்டது. நாக்கில் உப்பும் புளிப்பும் காரமும் மட்டும் தெரிந்தன. அதற்கு மேல் பூண்டும் ஒன்றுதான், பஞ்சும் ஒன்றுதான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது காபியால். ஒரு காலையில் கீழே இறங்கிப் போனேன். அண்ணன் படுக்கையில் சாய்ந்தபடி காபி குடித்துக்கொண்டிருந்தான். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. ஒரு வாய் குடித்ததும் துப்பிவிட்டேன்.

"பால் அடிப்பிடிச்சு நாறுது! இதை எப்படிண்ணா குடிக்கிற?"

அண்ணன் என்னை முறைத்தான். அண்ணி அடுப்படி வாசலில் நின்று அவனையே பார்த்தார்.

"நேத்தும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் அண்ணன்.

"பொய் சொல்லாதீங்க."

"ஒரு காபி தானே, விடேன்."

பல நாளாக அப்படித்தான் குடித்திருக்கிறான் மகராசன். மனைவி மனம் நோகக் கூடாதாம். அண்ணி அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு அழுததைப் போல அவர் அழுது நான் பார்த்ததில்லை. "உன் அண்ணன் சொல்றதை வச்சுத்தானே நான் தைரியமா இருந்தேன்" என்றார். எனக்கு அண்ணன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வேலையை நினைத்துத்தான் அழுதார். சாப்பாடு வார்டுக்குப் போகும் முன் சமைத்தவரே முகர்ந்து, ருசி பார்த்து அனுப்ப வேண்டும் என்பது எங்கள் சமையலறையின் கட்டாய விதி. மூக்கு போன ஆளை அடுப்பில் விட மாட்டார்கள். "அடுப்பை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து நான் அவருடைய மூக்கு. அவர் கரண்டியை முகர்ந்து பார்ப்பது போல நடிப்பார். பக்கத்தில் நான் மோப்பம் பிடிப்பேன். சரியாக இருந்தால் காதைச் சொறிவேன், ஏதாவது கோளாறு என்றால் இருமுவேன். பாத்திரம் கழுவுகிற அம்மா, "உங்க நாத்தனாருக்குக் காதுல என்னவோ பிரச்சினை, டாக்டர்கிட்ட காட்டுங்க மாஸ்டர்" என்று அக்கறையாகச் சொன்னார். நாங்கள் இருவரும் ஸ்டோர் ரூமுக்குள் போய்ச் சிரித்தோம். ஆனாலும் அண்ணிக்கு உள்ளுக்குள் பயம். பழைய கலகலப்பு போய்விட்டது. யாராவது "ஆஹா, என்ன மணம்!" என்றால் முகம் செத்துவிடும்.

அப்புறம் எனக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்துக்கொண்டு, கண்ணில் நீராகக் கொட்டியது. லீவு போடலாம் என்றால் அண்ணியை யார் பார்ப்பது? போனேன்.

"உன் மூக்கும் இன்னைக்கு லீவா?" என்றார் அண்ணி. சிரிக்க முயன்றார், முடியவில்லை.

காலைச் சாப்பாடு முடிந்து, தரையைத் தேய்த்துக் கழுவுவதற்காக அடுப்பை நகர்த்திவிட்டு மறுபடி சுவரோடு தள்ளி வைத்திருந்தார்கள். மதியத்துக்குக் குட்டிக்கோஸ். நான் துவட்டிக் கொடுத்ததை அண்ணி கல்லில் அடுக்கிவிட்டார். அன்று அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காயவிட்ட கல்லில்தான் அடுக்குவார். பதற்றத்தில் பற்றவைக்காத அடுப்பிலேயே அடுக்கிவிட்டார்.

அப்போது பாத்திரம் கழுவுகிற அம்மா பின்கட்டிலிருந்து வந்து மூக்கைச் சுளித்தார்.

"என்னமோ நாறுதே மாஸ்டர்?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் என் மூக்கைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். ஒரு நொடிதான் யோசித்தார்.

"குட்டிக்கோஸ் வேற எப்படி இருக்கும்? அது நாறத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு லைட்டரை எடுத்தார்.

அந்த அம்மா நகரவில்லை. "நீங்க செஞ்சு அது நாறி நான் பாத்ததே இல்லையே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. நம்ப முடியாமல் சொன்னார்.

அண்ணி கல்லைப் பார்த்தார். பச்சைக் காய், ஜில்லென்ற கல், பற்றவைக்காத அடுப்பு. வேகாத காய் எப்படி நாறும்? கையிலிருந்த லைட்டரைச் சத்தமில்லாமல் மேடையில் வைத்தார். ஓடிப்போய்ச் சுவரில் இருந்த கேஸ் வால்வை அடைத்தார். "எல்லாரும் வெளிய போங்க! எந்த சுவிட்சையும் தொடாதீங்க!" என்று ஒரு கத்தல் போட்டார்.

முற்றத்தில் போய் நின்றோம். கேஸ்காரர் வந்து பார்த்தார். அடுப்பை நகர்த்தியதில் பின்னாலிருந்த குழாய் நசுங்கி விரிசல் விட்டிருந்தது. பற்றவைத்திருந்தால் சமையலறையோடு போயிருக்காது, மேலே இருக்கிற வார்டும் சேர்ந்து போயிருக்கும் என்றார். எங்கள் சமையலறைச் சூப்பர்வைசருக்கு வியர்த்துக் கொட்டியது. கூடியிருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"மூக்குன்னா இது மூக்கு! மாஸ்டர் மட்டும் மோப்பம் பிடிக்கலன்னா நாம யாரும் இப்ப இல்ல."

கை தட்டினார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இனிமேல் அந்த மூக்கை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இவருக்கு ஆயுசுக்கும் அடுப்பு நிச்சயம் என்று நினைத்தேன். நினைத்து முடிக்கவில்லை, அண்ணி வாயைத் திறந்துவிட்டார்.

"எனக்கு வாசனையே தெரியாது சார். காய்ச்சல் வந்ததுல இருந்து தெரியாது. கண்டுபிடிச்சது இந்த அம்மா. நான் குட்டிக்கோஸ் நாத்தம்னு பொய் சொல்லிப் பத்த வைக்கப் போனேன்."

கைதட்டல் நின்றுபோயிற்று. சூப்பர்வைசர் கேஸ்காரரைப் பார்த்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் நான் பொரிந்து தள்ளினேன். "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல அண்ணி? யார் கேட்டா உங்களை?"

"மேல படுத்திருக்கிறவங்க எழுந்து ஓட முடியாதவங்கடி" என்றார்.

வேலையைவிட்டு அனுப்பவில்லை, அந்தமட்டும் நல்லது. ஸ்டோர் ரூமில் மூட்டைகளுக்குக் காவலாகப் போட்டார்கள். அடுப்புக்கு வந்த புது ஆள் முதல் வேலையாகப் பரணிலிருந்து அண்டாவை இறக்கினார். மறுபடி நடைபாதையெல்லாம் நாற்றம், மறுபடி தட்டுகளில் உருண்டைகள். "மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று நான் சண்டைக்கே போனேன். கேட்கவில்லை அந்த மனிதர். தினமும் வேலை முடிந்ததும் அண்ணி என்னைக் கேட்பார்: "இன்னைக்கும் நாறுச்சா?" நாறியது என்பேன். தலையை ஆட்டிக்கொள்வார். வீட்டிலும் அவர் அடுப்பைத் தொடுவதில்லை. மூவருக்கும் நான்தான் மாடியில் பொங்கிப் போட்டேன். என் சமையல் எப்படி என்று கேட்காதீர்கள்.

சென்ற விடுமுறை நாளில் அண்ணி ஒரு பை நிறையக் குட்டிக்கோஸ் வாங்கி வந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நறுக்கினார், துவட்டினார், கல்லைக் காயவிட்டார். புரட்டியபோது ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே நிறத்தில் சிவந்திருந்தது. முதல் தட்டு அண்ணனுக்குப் போனது.

அவன் ஒன்றை வாயில் போட்டான். "அமிர்தம்!" என்றான்.

அண்ணி அவன் பக்கம் திரும்பக் கூட இல்லை. அடுத்த தட்டை என்னிடம் நீட்டினார்.

"நீ சொல்லு."

மென்றேன். வெளியே முறுகல், உள்ளே மெத்து, உப்பும் எலுமிச்சையும் கனகச்சிதம். ஆனால் எண்ணெய். அவர் அடுப்பைத் தொடாத நாளிலிருந்து பரணோரம் கிடந்த பழைய பாட்டில் எண்ணெய். சிக்கு வாடை குப்பென்று அடித்தது. எதிரே அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினான். ஒரு நாளைக்கு நானும் ஒரு பொய் சொன்னால் என்ன என்று தோன்றியது. 'அருமை' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். நான் திட்டிவிடுவேனோ என்று அவர் பயப்படவில்லை. திட்டாமல் இருந்துவிடுவேனோ என்றுதான் பயந்துகொண்டிருந்தார்.

"எண்ணெய் சிக்கடிக்குது அண்ணி. இதை மனுஷன் தின்பானா?" என்றேன்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அண்ணி அவன் தட்டைப் பிடுங்கி அத்தனையையும் குப்பையில் கொட்டினார். பாட்டிலையும் அதிலேயே போட்டார். கல்லைத் துடைத்துவிட்டு, பையில் மிச்சமிருந்த காய்களை எடுத்து நறுக்க உட்கார்ந்தார்.

"போய் வேற எண்ணெய் வாங்கிட்டு வா" என்றார். நான் செருப்பை மாட்டும்போது, நறுக்குவதிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இவளே, நீ மட்டும் மாறிடாத."

கடை வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.