ஓரடி முன்னால்

என் மகள் பார்வையற்ற ஓட்டப் பந்தய வீராங்கனை. அவளுடைய மணிக்கட்டையும் மருமகனின் மணிக்கட்டையும் ஒரு சிறு கயிறு இணைக்க, இருவரும் சேர்ந்தே ஓடுவார்கள். துணையாக ஓடுபவர் எல்லைக் கோட்டை முதலில் கடந்தால் ஓட்டம் செல்லாது என்பது விதி. தேசிய அணியில் சேர அவளுக்கு எஞ்சியிருந்த கடைசிப் பந்தயத்தில், மற்ற எல்லோரையும் முந்திய மகிழ்ச்சியில், மருமகன் அவளுக்கு ஓரடி முன்னால் கோட்டைத் தாண்டிவிட்டார். அதன்பின் அவள் ஓடவில்லை.

சென்ற வாரம் மூவரும் கல்மண்டபம் கடைத்தெருவுக்குச் சென்றோம். மருமகன் அவளுக்குப் பின்னாலேயே நடந்தார்.

"யோவ், ரோட்டுல இன்னா கோடா போட்டுகீது? லாரி வந்துகினு கீது, முன்னாடி போய்யா!" என்று மகள் சிரித்தாள்.

அவர் முன்னே வரவில்லை. பின்னாலிருந்தே அவள் தோளைப் பற்றி ஓரமாக நகர்த்தினார். அவள் சிரிப்பு அடங்கியது. முன்பு கயிறு கட்டிய மணிக்கட்டைத் தடவியபடி நடந்தாள்.